செய்முறை வகுப்பில் மின்கம்பியைத் தொடாத மாணவியர்: அறிவியல், பொறியியல் பக்கம் இவர்களை எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி: இயற்பியல் ஆசிரியை

வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குப் பதினோரு ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்துவருகிறேன். எழுத்துத் தேர்வில் முதல் பத்து இடங்களைப் பிடிப்பவர்களில் ஆறேழு பேர் எப்போதும் மாணவியராகத்தான் இருக்கிறார்கள். ஆனால் மேற்கொண்டு என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டால், இயற்பியலையோ பொறியியலையோ சொல்பவர்கள் அவர்களில் ஒருவரோ இருவரோதான். "இவ்வளவு நன்றாக எழுதுகிறாயே, ஏன் வேண்டாம் என்கிறாய்?" என்று கேட்டால், "மனப்பாடம் செய்து எழுதினேன் டீச்சர், எனக்கு உண்மையில் இயற்பியல் வராது" என்று பதில் வருகிறது. அவளைவிடப் பத்து மதிப்பெண் குறைவாக வாங்கிய பையன்கூடத் தனக்கு இயற்பியல் வராது என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பெண்களும் சிறுமியரும் அறிவியலில் ஈடுபடுவதற்கென ஐ.நா. பொதுச்சபை 2015-இல் அறிவித்த பிப்ரவரி 11 அன்று, ஒவ்வோர் ஆண்டும் பள்ளியில் கூட்டம் நடத்துகிறோம். படங்கள் ஒட்டுகிறோம், உரையாற்றுகிறோம், மாணவியரும் கைதட்டுகிறார்கள். மறுவாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

சென்ற மாதம் ஓம் விதிக்கான செய்முறை வகுப்பு நடந்தபோது, வழக்கம்போலக் குழுக்களுக்கு இடையே நடமாடாமல் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தேன். மாணவரும் மாணவியரும் கலந்த குழுக்கள் ஆறு இருந்தன. அவற்றில் ஐந்தில், கம்பியை இணைத்ததும் மின்தடை மாற்றியை நகர்த்தியதும் பையன்களே. அம்மீட்டர் அளவைக் கேட்டுக் கேட்டு அட்டவணையில் எழுதியவர்கள் மாணவியர். யாரும் யாரையும் தடுக்கவில்லை, சண்டையும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பாதையைப் போட்டவளே நான்தான்: "கையெழுத்து நன்றாக இருப்பவர் எழுதுங்கள்" என்று பதினோரு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். பதிவேட்டுக்கு மதிப்பெண் உண்டு, சுற்றை இணைப்பதற்குத் தனியாக மதிப்பெண் இல்லை.

பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையிலான மாணவியரிடம் உண்மையிலேயே பலன் தந்த முயற்சி எது என்பதை, இத்துறைகளில் இருப்பவர்களும் பெற்றோரும் சொல்ல வேண்டும். உரைகளும் படக்கண்காட்சியும் போதவில்லை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.


மறுமொழி 1: பாலங்களை வடிவமைக்கும் பொறியாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கட்டுமானப் பொறியியலில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் பெண் நான். உங்கள் வகுப்பில் அட்டவணை எழுதிய மாணவியரில் ஒருத்தியாகத்தான் நானும் இருந்தேன். கல்லூரியின் முதல் ஆண்டில் பட்டறைப் பயிற்சிக்குப் போனபோது, அரம் பிடிக்கத் தெரியாமல் திகைத்து நின்றது நினைவிருக்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்த மாணவர்கள் அப்படிப் பிறந்தவர்கள் என்று ஓர் ஆண்டு முழுவதும் நம்பியிருந்தேன். அவர்கள் பத்து வயதிலிருந்து சைக்கிளைப் பிரித்துக் கெடுத்துத் திரும்பப் பூட்டியவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கும் அவர்களுக்கும் இடையே இருந்தது சில நூறு மணி நேரப் பழக்கம் மட்டுமே.

பள்ளிகளில் பேச அழைக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பொறியாளர் நாள்முழுவதும் என்னதான் செய்கிறார் என்பது பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தெரிவதில்லை. மருத்துவரை அவள் பார்த்திருக்கிறாள், ஆசிரியரைப் பார்த்திருக்கிறாள். பொறியாளர் என்றால் தலைக்கவசம் அணிந்த ஓர் ஆள் என்பதோடு அவளுடைய சித்திரம் நின்றுவிடுகிறது. ஆகவே நான் இப்போது உரையாற்றுவதை விட்டுவிட்டேன். முந்தைய நாள் அலுவலகத்தில் என்னைப் பாடுபடுத்திய ஏதாவது ஒரு சிக்கலை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறேன். ஒருமுறை, வெயிலில் பாலத்தின் எஃகு எவ்வளவு நீளும் என்ற கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். நூறு மீட்டர் நீள எஃகு உத்தரம், வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் நீளும். "அந்த 36 மில்லிமீட்டருக்கு இடம் விடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த அரைமணி நேரம் அவர்களே பேசினார்கள்.

முன்மாதிரிகளைச் சொல்வதானால், கற்றுக்கொண்டு வந்தவர்களைச் சொல்லுங்கள். எமிலி ரோப்ளிங் எனக்குப் பிடித்தவர். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளரான அவருடைய கணவர், ஆற்றுக்கடியில் அழுத்தக் காற்று அறைகளில் வேலை செய்ததால் 1872-இல் நோயுற்று வீட்டோடு முடங்கினார். எமிலி பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். பொருள்களின் வலிமையையும் தொங்கும் வடத்தின் வளைவுக் கணக்கையும் அதன்பின் உட்கார்ந்து படித்து, 1883-இல் பாலம் திறக்கப்படும்வரை பத்தாண்டுகளுக்கு மேல் கணவருக்கும் கட்டுமான இடத்துக்கும் நடுவே நின்று வேலையை நடத்தினார். மேரி கியூரியின் படத்தைச் சுவரில் ஒட்டுவதில் தவறில்லை. ஆனால் 1903-இல் ஒன்று, 1911-இல் ஒன்று என இரண்டு நோபல் பரிசு வாங்கியவரைப் பார்த்து, "எனக்கு வராது" என்று நினைக்கும் பெண் மேலும் உறுதியாக அப்படியே நினைக்கக்கூடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நிறுவனத்தின் முதல் கட்டுமானத் தளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. கொடுத்த கையுறைகள் ஆண்களின் கையளவில் இருந்ததால், போல்ட்டைத் தொடும்போதெல்லாம் கழற்றிவிட்டேன். இவற்றை நான் மாணவியரிடம் சொல்வதுண்டு. பயமுறுத்துவதற்காக அல்ல; எல்லாம் இனிமையாக இருக்கும் என்று கேட்டு வந்தவள், முதல் மாதத்திலேயே தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று முடிவுசெய்துவிடக் கூடாது என்பதற்காக.


மறுமொழி 2: இரு பெண்களின் தந்தை

கருத்து வேறுபாட்டைப் பணிவுடன் பதிவுசெய்கிறேன். எதற்காக இப்படித் தள்ள வேண்டும்? என் மூத்த மகளுக்கு மொழியில் ஈடுபாடு. நன்றாகப் படிக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் அவளைப் பொறியியல் பக்கம் நெட்டித் தள்ளினார்கள். ஓராண்டு அழுதுவிட்டு வெளியே வந்தாள். எண்ணிக்கையைச் சமமாக்குவது பெரியவர்களின் கவலை. அதன் சுமையைப் பதினைந்து வயதுப் பெண்ணின் தோளில் ஏற்றுவது முறையா?


மறுமொழி 3: பாலங்களை வடிவமைக்கும் பொறியாளர்

ஐயா, உங்கள் மகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அங்கே அவளை யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆசிரியை சொல்லும் மாணவியர், மின்னோட்டம், மின்தடை போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் அல்லர், எடுத்தே பார்க்காதவர்கள். பத்து முறை சுற்றை இணைத்துப் பார்த்த பிறகு ஒருத்தி கவிதை எழுதப் போகிறேன் என்றால், அவளை வழியனுப்ப நானே முதல் ஆளாக வருவேன். பொறியியல் கல்லூரியில் வலிந்து சேர்ப்பதைப் பற்றி இங்கு யாரும் பேசவில்லை என்றே நினைக்கிறேன்.


மறுமொழி 4: பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிப்பவர்

இந்தக் கேள்வியை ஓரளவு ஆராய்ந்திருக்கிறார்கள். சிலவற்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

"எனக்கு வராது" என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். பதினைந்து வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பீசா தேர்வின் 2012-ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து, பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கணிதத்தில் ஒரே அளவு தன்னம்பிக்கையும் ஒரே அளவு பதற்றமும் கொண்ட மாணவனையும் மாணவியையும் ஒப்பிட்டால், அவர்களுடைய மதிப்பெண்களுக்கு இடையே இருந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது என்பது அதில் சொல்லப்பட்டது. உங்கள் மாணவியின் பதிலைப் படித்தபோது எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

அறிவியலாளரை வரையச் சொல்லும் சோதனையையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 குழந்தைகளின் படங்களைத் திரட்டி 1983-இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றில் பெண் அறிவியலாளரை வரைந்தவை 28 மட்டுமே. அந்த இருபத்தெட்டையும் வரைந்தவர்கள் சிறுமியர். பின்வந்த பல பத்தாண்டுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நிலைமை மாறியிருந்தது, ஆனால் குழந்தை வளர வளர வெண்ணிற மேலங்கி அணிந்த ஆணையே மிகுதியாக வரைகிறது என்பதும் தெரிந்தது. உங்கள் வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லிப் பாருங்கள். செலவில்லாத சோதனை, விவாதத்துக்கும் நல்ல தொடக்கம்.

இப்போது பலன் தந்தவற்றுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இளநிலைப் படிப்பில் சேர்ந்த பெண்கள் 1995-இல் 7 விழுக்காடு. 2000-இல் அது 42 விழுக்காடாக உயர்ந்தது. அதற்காகப் பாடத்தை அவர்கள் எளிதாக்கவில்லை. முன்பே நிரல் எழுதிப் பழகியிருப்பதைத் திறமை என்று தாங்கள் தவறாக எண்ணிக்கொண்டிருந்ததை உணர்ந்து, சேர்க்கையில் அந்த முன்பழக்கத்துக்குக் கொடுத்த முன்னுரிமையை நீக்கினார்கள். வெவ்வேறு அளவு பழக்கத்தோடு வருபவர்களுக்கு வெவ்வேறு தொடக்க வகுப்புகளை வைத்தார்கள். அதே நாட்டின் ஹார்வி மட் கல்லூரியிலும் இதையொத்த மாற்றம் நடந்தது. அங்கே ஒரு சிறு உத்தி என்னைக் கவர்ந்தது. எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு விடை சொல்லும் மாணவனை ஆசிரியர் தனியாக அழைத்து, "உன்னோடு பேசுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் மற்றவர்கள் மிரள்கிறார்கள், நாம் இதை வகுப்புக்கு வெளியே பேசலாமா?" என்ற பொருளில் கேட்டுக்கொள்வாராம். அந்த மாணவனும் மனம் நோகாமல் ஒப்புக்கொள்வான். உங்கள் செய்முறை வகுப்பில் கம்பியைப் பறித்துக்கொள்ளும் பையனிடமும் இது செல்லும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, முப்பரிமாணக் கற்பனை. ஒரு பொருளைத் திருப்பினால் எப்படித் தெரியும் என்று மனத்தில் காணும் திறனில் பெண்கள் பின்தங்கியிருப்பதாகச் சொல்லி, அதை இயற்கை என்று விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சார்பி 1993 முதல், பொறியியல் முதலாண்டு மாணவர்களில் அந்தத் தேர்வில் குறைவாக எடுத்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார். அடுக்கிய கட்டைகளைப் பார்த்துக் கையால் வரைவது, வரைந்ததை வேறு கோணத்திலிருந்து மறுபடி வரைவது போன்ற எளிய பயிற்சிகள்தான். திறன் உயர்ந்தது, பயிற்சி பெற்ற பெண்கள் பொறியியலை விட்டு விலகுவதும் குறைந்தது. உங்களிடம் மரக்கட்டைகளும் சதுரக் கோட்டுத் தாளும் இருந்தால் பதின்மூன்று வயதிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.

ஒரு முன்மாதிரி நானும் சொல்கிறேன், அது உங்கள் ஆய்வகத்துக்கு நேராகப் பொருந்துவதால். வானியற்பியலாளர் ஜோசலின் பெல் பர்னல் பள்ளியில் படித்தபோது, ஒருநாள் பையன்களை அறிவியல் வகுப்புக்கும் பெண்களைச் சமையல் வகுப்புக்கும் பிரித்து அனுப்பினார்கள். அவருடைய பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்ததால் அறிவியல் வகுப்பில் இடம் கிடைத்தது. அந்த வகுப்பில் மொத்தம் மூன்று பெண்கள். பிறகு கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக, நாலரை ஏக்கர் பரப்பில் கம்பங்களை நட்டுக் கம்பிகளை இணைத்து ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த வேலை முடிந்தபோது சம்மட்டி வீசத் தெரிந்திருந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1967-இல் அந்தக் கருவி வரைந்து தள்ளிய நெடுந்தாளில் கால் அங்குல இடத்தை மட்டுமே பிடித்த ஒரு கிறுக்கலைக் கண்டு, அதை விடாமல் பின்தொடர்ந்து, சுமார் 1.34 விநாடிக்கு ஒருமுறை ரேடியோ அலைத் துடிப்பை அனுப்பும் துடிவிண்மீனை (பல்சர்) கண்டறிந்தார். கருவியைத் தன் கையால் கட்டியிருந்ததால்தான், அந்தக் கிறுக்கல் கருவியின் கோளாறு இல்லை என்று அவரால் வாதாட முடிந்தது என்பது என் கருத்து. 1974-இல் இதற்கான நோபல் பரிசுப் பங்கு அவருக்கு வராமல் அவருடைய ஆய்வு வழிகாட்டிக்குப் போனது தனிக் கதை.


மறுமொழி 5: பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் மின்னணுவியல் படிக்கிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டுமே பேசுவதால், அந்த வயதை அண்மையில் கடந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் தீங்கு செய்தது பாராட்டுதான். "பெண்ணாக இருந்தும் எவ்வளவு நன்றாகச் சுற்றை இணைத்திருக்கிறாள் பாருங்கள்" என்று ஓர் ஆசிரியர் வகுப்பின் முன்னால் சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அன்றிலிருந்து நான் தவறு செய்தால் அது எல்லாப் பெண்களுடைய தவறாகிவிடும் என்ற பயம் வந்து, நிச்சயமாகத் தெரிந்ததைத் தவிர வேறெதையும் தொடாமல் இருந்தேன். பையன்களோ பொருள்களைக் கருக்கிக் கருக்கிக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதை மாற்றியவர் என் சித்தி. அவர் பொறியாளர் அல்லர். ஒருநாள் ஒரு டப்பா நிறைய எல்.இ.டி.யும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் கொடுத்து, "இவற்றில் குறைந்தது பத்து கெட வேண்டும், கெட்டதை என்னிடம் காட்ட வேண்டும்" என்றார். மின்தடை இல்லாமல் நேராகப் பேட்டரியில் வைத்தேன். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, ஆரஞ்சு நிறமாகி, கருகிய நாற்றத்தோடு அணைந்தது. நெஞ்சு படபடத்தது. இரண்டாவதைத் தலைகீழாக வைத்தேன், எரியவே இல்லை. நீண்ட கால் நேர்முனைக்குப் போக வேண்டும் என்பது அப்படித்தான் புரிந்தது. பிறகு 330 ஓம் மின்தடையைச் சேர்த்தபோது அமைதியாக எரிந்துகொண்டே இருந்தது. ஒன்பதிலிருந்து இரண்டைக் கழித்து 330-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 மில்லி ஆம்பியர் என்று அதற்கு முன்பே பாடத்தில் எழுதியிருக்கிறேன். அந்த நாற்றத்தை முகர்ந்த பிறகுதான், அந்த வகுத்தல் எதைத் தடுப்பதற்காகப் போடப்படுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

ஆகவே டீச்சர், என் வேண்டுகோள் ஒன்றே: கெடுப்பதற்கென்றே சில பொருள்களை ஒதுக்குங்கள், அவை கெட்டால் கோபப்பட மாட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. வகுப்பில் ஒரே ஒரு பெண்ணை மட்டும் பொறியியல் பக்கம் அனுப்பாதீர்கள். இருவராகவோ மூவராகவோ இருந்தால், சந்தேகம் கேட்க ஒருவருக்கொருவர் துணை. எங்கள் வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம், அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லி மாளாது.


மறுமொழி 6: இயற்பியல் ஆசிரியை

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. தந்தை அவர்களின் எச்சரிக்கையையும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

முதலில் என் பழைய வாக்கியத்தை நிறுத்தினேன். இணைப்பவர், அளவைப் படிப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என நான்கு வேலைகளைப் பிரித்து, ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வைத்தேன். பதிவேட்டு மதிப்பெண்ணில் பாதியை, ஒவ்வொருவரும் தனியாகச் சுற்றை இணைத்துக் காட்டுவதற்கு மாற்றினேன். பையன்கள் எழுதிய முதல் அட்டவணைகளைப் படிக்க முடியாமல் இரண்டு குழுக்கள் சோதனையையே திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அலகு போடாமல் எழுதியதால் எவ்வளவு வேலை வீணாகிறது என்று அவர்களுக்கும் அன்றுதான் தெரிந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கெடுப்பதற்கான டப்பாவை வைத்தேன். முதல் வாரம் எந்த மாணவியும் தொடவில்லை. நானே அவர்கள் முன்னால் ஒன்றைக் கருக்கிக் காட்டிய பிறகு வரிசை நின்றது. எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். முதல் மதிப்பெண் வாங்கும் ஒரு மாணவி, தன் முறை வரும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கிறாள். அவளை வற்புறுத்தவில்லை, பள்ளி விட்ட பிறகு, வேறு யாரும் இல்லாத நேரத்தில் வந்து செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒருமுறை வந்தாள், மல்டிமீட்டரை, இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் தொடர்ச்சி சோதனையில் வைத்து, முனைகள் இரண்டையும் தொடவைத்து, அது "பீப்" என்று ஒலிப்பதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பாலப் பொறியாளர் அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம். அந்த 36 மில்லிமீட்டர் கணக்கைக் கொடுத்தேன். இடம் விடாவிட்டால் பாலம் வளையும் என்று ஒரு சாராரும், தாங்கும் தூண்தான் உடையும் என்று இன்னொரு சாராரும் இரண்டு நாளாக வாதாடுகிறார்கள், எனக்கே தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதம் ஒரு நாள் வகுப்புக்கு வர இயலுமா? வரும்போது அந்த அளவு பொருந்தாத கையுறையையும் கொண்டுவாருங்கள்.